மெட்டின் தோல்வியும் மொழியின் பழியும்

மத்தியதரைக் கடலில் ஸிஸிலிக்குத் தெற்கே, லிபியாவுக்கு வடக்கே, 316 சதுர கிலோமீட்டர் பரப்பில் மால்டா என்னும் சிறு தீவுக் கூட்டம் இருக்கிறது. நம் வாசகர்களுள் பலர் அதனை வரைபடத்தில் தேடியே காண வேண்டியிருக்கும். அந்நாட்டின் மெல்லிசைப் பாட்டுகள் இரண்டைப் பற்றி இவ்விதழில் எழுத முற்படுவது சிலருக்கு விந்தையாகவும் தோன்றலாம். பாடியவர்கள் கத்தோலிக்கக் கிறித்தவர்கள். பாடப்பட்ட இடமோ ஐரோப்பியத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றின் மேடை. இவற்றுக்கும் நமக்கும் என்ன உறவு என்று வினவுவோர்க்கு ஒரே ஒரு செய்தியை முதலிற் சொல்லி விடுகிறோம். அவ்விரு பாட்டுகளுள் ஒன்றின் பெயர் 'லிம்ஹப்பா' என்பது. இச்சொல்லை உரக்கச் சொன்னால், அரபு இலக்கணம் ஒரு வரியும் அறியாத நம் வீட்டு மூதாட்டியும் 'முஹப்பத்' என்று பொருள் கூறி விடுவார். அன்பு, காதல் என்பதே அதன் பொருள்.

இசை ஆகுமா ஆகாதா என்னும் வழக்கினுள் நாம் இங்கே புகப்போவதில்லை. அது உலமாப் பெருமக்களின் துறை. மொழி, மெட்டு, மதிப்பீடு ஆகிய மூன்றுமே நம் ஆய்வுக்கு உரியவை.

முதலில் மொழி. கி.பி. 870 ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 256), இன்றைய துனீசியாவிலிருந்து ஆண்ட அக்லபிய மரபினர் மால்டாவைக் கைப்பற்றினர். 1091 இல் நார்மானியப் பிரபு ரோஜர் தீவின்மீது படையெடுத்தார். அவர் மகன் இரண்டாம் ரோஜர் 1127 இல் ஆட்சியை உறுதிப்படுத்தினார். ஆட்சி மாறிய பின்னரும் முஸ்லிம்கள் நெடுங்காலம் அங்கே வாழ்ந்தனர். கோசோத் தீவில் மைமூனா என்னும் பெண்மணியின் கல்லறைக்கல் கிடைத்திருக்கிறது. பழைய ரோமானியப் பளிங்குப் பலகையின் மறுபுறத்தில் கூஃபி எழுத்தில் செதுக்கப்பட்ட அக்கல்லின் காலம் 1174 (ஹிஜ்ரி 569). கிறித்தவ அரசு ஏற்பட்டு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு முஸ்லிம் பெண்ணின் மறைவுக்கு அத்துணை அழகான கல் நாட்டும் வசதியுடையோர் அங்கே இருந்தனர் என்பதற்கு அது சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில், இரண்டாம் ஃபிரடெரிக் காலத்தில், முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். எஞ்சியோர் மதம் மாறினர். மார்க்கம் அகன்றது, மொழி தங்கி விட்டது.

அம்மொழியே மால்ட்டியம். ஸிஸிலியிலும் மால்டாவிலும் வழங்கிய அரபுப் பேச்சு வழக்கிலிருந்து பிறந்தது. இன்று ரோம எழுத்தில் எழுதப்படுவது. அகராதிச் சொற்களை எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழப் பாதி இத்தாலியமும் ஸிஸிலியமும், மூன்றில் ஒரு பங்கே அரபு. ஆயின் அகராதிக் கணக்கு மயங்க வைப்பது. வீட்டிலும் வயலிலும் கடலிலும் புழங்கும் சொற்கள், வினைத்திரிபுகள், எண்ணுப்பெயர்கள், கிழமைகள் யாவும் அரபுக் குடும்பத்தவை. சூரியன் அங்கே 'ஷெம்ஷ்'. கடல் 'பஹர்'. அப்பம் 'ஹொப்ஸ்'. இதயம் எழுத்தில் 'கல்பு'. பேச்சில், கெய்ரோவாசிகள் சொல்வது போலவே, முதலெழுத்துத் தொண்டைக்குள் அடங்கி 'அல்ப்' என்று ஒலிக்கும்.

வியப்பு இதனோடு முடியவில்லை. அங்குள்ள கத்தோலிக்கர் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கின்றனர். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்புக் காலத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'ரண்தான்'; நம் ரமளானே அது. ஈஸ்டர் பண்டிகை அவர்களுக்குப் 'பெரிய ஈது'. வெள்ளிக்கிழமை 'ஜிம்ஆ'. கிறித்தவன் என்று தன்னைக் குறிப்பிட அவன் கையாளும் சொல் 'நிஸ்ரானி'. நாள்தோறும் தேவாலய மணியோசைக்கு நடுவே இச்சொற்களைப் புழங்கும் மக்களுக்கு இவை முஸ்லிம் சொற்கள் என்னும் நினைப்பே இல்லை. அவர்களுக்கு அவை தாய்மொழிச் சொற்கள், அவ்வளவே.

நம்மவருள் சிலர் இதனைக் கண்டதும், 'ஆகா, மால்டா நம்முடையது!' என்று உரிமை கொண்டாடப் புறப்படுவதுண்டு. அந்த ஆர்வத்தை நாம் ஏற்பதற்கில்லை. நம் நிலையையே எண்ணிப் பார்க்கலாமே. ஸலாத்தைத் தொழுகை என்கிறோம்; ஸவ்மை நோன்பு என்கிறோம்; ஈதைப் பெருநாள் என்கிறோம்; மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்கிறோம். நோன்பும் பள்ளியும் இஸ்லாம் இம்மண்ணை அடையுமுன்பே சமணரும் பிறரும் வழங்கிய சொற்கள். அவற்றை நாம் எடுத்தாள்வதால் நம் ஈமானில் குறைவு நேர்ந்ததுண்டா? தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்றொரு பெருஞ்செல்வத்தைக் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற மேதைகள் நமக்கு வைத்துச் சென்றார்கள். மால்டாவில் நிகழ்ந்தது அதன் மறுபக்கம்: அரபை ரோம எழுத்தில் எழுதிக் கிறித்தவ வாழ்வுக்கு ஆக்கிக் கொண்டார்கள். ஒரு மொழி ஒரு சமயத்தின் தனியுடைமை என்பாரை மறுக்க இவ்விரு சான்றுகளும் போதுமானவை.

அம்மொழிக்கு உரிய இடம் எளிதிற் கிடைத்து விடவில்லை. மால்ட்டியத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்து, 1485 இல் மறைந்த பியத்ரு கஷாரு என்பாரின் 'கான்டிலேனா' என்னும் இருபது அடிப் பாட்டு. அது பழைய ஆவணம் ஒன்றினுள் கிடந்து 1966 இல் கண்டெடுக்கப்பட்டது. அச்சேறியது 1968 இல். அப்பாட்டின் சொற்கள் அனைத்தும் ஏறக்குறைய அரபு வேரினவே. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அரசும் நீதிமன்றமும் கல்வியும் இத்தாலிய மொழியில் நடைபெற்றன. மால்ட்டியம் சமையலறை மொழி என்று இகழப்பட்டது. தேசியக் கவி எனப் போற்றப்படும் பாதிரியார் துன் கர்ம் கூட 1912 வரையில் இத்தாலியத்திலேயே கவி புனைந்தவர். எழுத்தாளர் சங்கத்தார் 1924 இல் நெடுங்கணக்கை வகுத்தனர். 1934 இல் அம்மொழி ஆட்சிமொழி ஆயிற்று. அன்றைய ஆங்கில அரசு அதனை உயர்த்தியதற்கு மொழிப்பற்று முழுக்காரணமன்று. இத்தாலியச் செல்வாக்கைக் குறைக்கும் அரசியலும் அதில் இருந்தது. நோக்கம் எதுவாயினும் பயன் நன்றே.

நாடு விடுதலை பெற்றது 1964 செப்டம்பர் 21 இல். ஏழாண்டு கழியுமுன் அச்சிறு நாடு யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் முதன்முறையாகப் புகுந்தது. இங்கிருந்துதான் ஜோ கிரெக் என்னும் பாடகரின் கதை நமக்கு வேண்டியதாகிறது.

அக்காலத்து மால்டாவின் மெல்லிசைச் சூழலை ஒரு சிறிது அறிந்தால்தான் அவர் செய்ததன் அருமை விளங்கும். கடலுக்கு அப்பால் ஐம்பது கல் தொலைவில் ஸிஸிலி. இத்தாலியின் ஸான் ரெமோப் பாட்டு விழா 1951 இல் தொடங்கியது. இத்தாலியத் தொலைக்காட்சி 1957 முதலே மால்டா இல்லங்களில் தெரியலாயிற்று. மால்டாவுக்குச் சொந்தத் தொலைக்காட்சி 1962 இல்தான் வந்தது. ஆக, ஒரு தலைமுறை இளைஞர்கள் பாட்டென்றால் இத்தாலியப் பாட்டு என்றே வளர்ந்தார்கள். ஆங்கிலேயக் கடற்படையினரின் குடியிருப்புகளிலும் நடனக் கூடங்களிலும் ஆங்கிலப் பாட்டு. 1960 இல் தொடங்கிய மால்டாப் பாட்டு விழாவிலும் இத்தாலிய மொழிக்கு இடமிருந்தது. சொந்த மொழியில் மெல்லிசை பாடுவது அன்றைய நாகரிகத்துக்கு ஒவ்வாத செயலாகவே கருதப்பட்டது.

1971 ஏப்ரல் 3 ஆம் நாள், அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள கெயிட்டி அரங்கில், இரண்டாவதாக மேடை ஏறியவர் ஜோ கிரெக். அவர் பாடிய 'மரிய்யல் மல்திய்யா' என்பதற்கு 'மால்டாக்காரி மரியா' என்று பொருள். மெட்டு அமைத்தவரும் அவரே; சொற்களைத் தந்தவர் சார்ல்ஸ் மிஃப்சூத். 'மல்திய்யா' என்னும் சொல்லின் ஈற்றைக் கவனித்தீர்களா? மத்ரஸாவில் முதலாண்டு படித்த சிறுவனும் அது பெண்பால் விகுதி என்று சொல்லுவான். மரியா என்பதோ திருமறையின் ஓர் அத்தியாயத்துக்கே பெயர் தந்த மர்யமின் பெயர். இவ்வாறு அரபு இலக்கணம் பிசகாத ஒரு தலைப்போடு ஒரு கத்தோலிக்கர் ஐரோப்பாவின் முன் நின்றார்.

அன்றைய போட்டி விதி, ஒவ்வொரு நாடும் தன் தேசிய மொழியிலேயே பாட வேண்டும் என்றிருந்தது. இதனைக் கொண்டு, கிரெக் வேறு வழியின்றி மால்ட்டியத்தில் பாடினார் என்று எண்ணிவிடலாகாது. ஆங்கிலமும் அந்நாட்டின் ஆட்சிமொழி. ஆங்கிலத்தில் பாடுவதற்குத் தடை இருந்திருக்காது. பிற்காலத்தில் அதே விதி மீண்டும் நிலவியபோது மால்டா ஆங்கிலத்திலேயே பாடியது. ஆகவே 1971 இல் மால்ட்டியத்தைக் கொண்டு சென்றது தெரிந்தெடுத்த ஒரு செயல். உலகம் கேட்கும் முதல் நாளில் நம் குரல் நம் மொழியில் ஒலிக்கட்டும் என்ற துணிவு அதில் இருக்கிறது.

பதினெட்டு நாடுகள் பாடின. மால்டாவுக்குக் கிடைத்தது பதினெட்டாம் இடம்.

புள்ளிக் கணக்கைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நாட்டுக்கு இருவராக நடுவர்கள். ஒருவர் 25 வயதுக்குக் குறைந்தவர், மற்றவர் கூடியவர். ஒவ்வொரு நடுவரும் தம் நாடு நீங்கலாக எல்லாப் பாட்டுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளியிட்டாக வேண்டும். எனவே எவ்வளவு மோசமான பாட்டுக்கும் 34 புள்ளி தானாகவே வந்து சேரும். மிக மிகப் பெறத்தக்கது 170. முதலிடம் பெற்ற மொனாக்கோவுக்கு 128, கிரெக்குக்கு 52. அடுத்த ஆண்டு, 1972 மார்ச் 25 இல், எடின்பரோவில் ஹெலன் மிக்கல்லெஃபும் ஜோ குத்தயாரும் இணைந்து பாடிய 'லிம்ஹப்பா'வுக்கு 48. அவ்வாண்டும் பதினெட்டு நாடுகள். அவ்வாண்டும் கடைசி இடம்.

இவ்விரு தோல்விகளிலிருந்து மால்டாவில் பலர் கொண்ட முடிவு, 'நம் மொழி ஐரோப்பியச் செவிக்கு ஏலாது' என்பது. தொண்டையிலிருந்து எழும் ஒலிகள், அடித்து நிறுத்தும் மெய்கள், இவை மெல்லிசைக்குப் பொருந்தா என்றார்கள். இம்முடிவையே நாம் மறுக்க விரும்புகிறோம். மறுக்குமுன் பாட்டுகளை நேர்மையாக எடைபோட வேண்டும்.

கிரெக்கின் பாட்டில் உவகை இருக்கிறது. சொந்த ஊரின் பெண்ணைப் பற்றிப் பாடும்போது குரலில் இயல்பாக வரும் பெருமிதம் இருக்கிறது. போலிப் பாவனை இல்லை. அவர் உச்சரிப்பில் மால்ட்டியச் சொற்கள் உருண்டு வருகின்றன. தொண்டை ஒலிகளை அவர் ஒளிக்க முயலவில்லை. ஆனால் மெட்டு? ஸான் ரெமோ மேடையில் அவ்வாண்டோ அதற்கு முந்திய ஆண்டோ எவரும் பாடியிருக்கக் கூடிய மெட்டு அது. வாத்தியக் குழுவின் அமைப்பும் அதுவே. கண்ணை மூடிக்கொண்டு சொற்களை நீக்கிவிட்டுக் கேட்டால், இது மால்டாவிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு தடயமும் இராது. மொழி அறியாத நடுவருக்குச் சொல் வெறும் ஓசை. அவர் கையில் எஞ்சுவது மெட்டு ஒன்றே. அம்மெட்டோ அவர் ஏற்கெனவே பலமுறை கேட்டுச் சலித்த மெட்டு. இத்தாலியர் தம் மெட்டைத் தம் மொழியில் அதனினும் நன்றாகப் பாடிக் காட்டும்போது, கடன் வாங்கியவருக்கு என்ன புள்ளி கிடைக்கும்?

'லிம்ஹப்பா'வின் நிலை இன்னும் வருந்தத் தக்கது. அதன் சொற்கள் ஆல்பர்ட் கஸ்ஸோலாவுடையவை. மெட்டு அமைத்தவர் சார்ல்ஸ் கமில்லேரி (1931 - 2009). இவர் சாதாரணமானவர் அல்லர். மால்டாவின் செவ்விசையாளருள் தலையாயவர். இளமையிலேயே தம் நாட்டு மக்களின் பண்களைத் தேடிக் கேட்டு அவற்றைக் கொண்டு வாத்தியக் குழுவுக்கு இசை எழுதியவர். மண்ணின் மெட்டு எது என்று அவரைவிட நன்கு அறிந்தவர் அந்நாட்டில் இல்லை. அத்தகையவர் போட்டிக்கென்று அமர்ந்தபோது, நாம் கேட்ட அளவில், ஐரோப்பியக் காதற்பாட்டின் வழுவழுப்பான பாணியையே கையாண்டார். இருவர் குரலும் இனியவை, இணைப்பும் குற்றமற்றது. எனினும் 'முஹப்பத்' என்னும் சொல் அந்த மெட்டில், பிறர் சட்டையை அணிந்து வந்த விருந்தாளி போல் ஒட்டாமல் நிற்கிறது. சந்தைக்குப் போகும்போது கையிலிருக்கும் முத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணாடி மணியை எடுத்துச் சென்ற கதைதான்.

அப்படியாயின் மண்ணின் மெட்டு எது? அதன் பெயர் 'ஆனா'. நம் அரிச்சுவடி ஆனா அன்று; அரபியில் பாட்டைக் குறிக்கும் 'கினா'வே அது. மால்ட்டிய எழுத்தில் அரபின் அய்னும் கய்னும் ஒரே இரட்டை எழுத்தாய்க் கலந்துவிட்டன. எழுத்தில் நிற்கும் அவ்வெழுத்து பேச்சில் பெரும்பாலும் ஒலிப்பதில்லை; பக்கத்து உயிரெழுத்தை நீட்டிவிட்டுத் தான் மறைந்து விடும். ஆகவே 'கினா' அவர்கள் வாயில் 'ஆனா' ஆயிற்று. அதே எழுத்துக் கோவைக்கு அவர்கள் மொழியில் செல்வம் என்றும் பொருளுண்டு. அரபியிலும் பாட்டும் செல்வமும் அண்டை வீட்டுச் சொற்கள்தாம்.

இந்த ஆனாவில் வகைகள் பல. நடந்த நிகழ்ச்சியை, பெரும்பாலும் துயர நிகழ்ச்சியை, நீளக் கதையாகப் பாடுவது ஒன்று. போர்ம்லா என்னும் ஊரின் பெயரால் வழங்குவதும், பெண்கள் துணி துவைக்கும் துறைகளிலும் வீட்டு மாடிகளிலும் குரலை மிக உயரத்தில் நிறுத்திப் பாடி வந்ததுமாகிய ஒன்று. எல்லாவற்றினும் புகழ் பெற்றது எதிர்ப்பாட்டு. கிட்டார் வாசிப்போர் சிலர் அமர்ந்திருக்க, பாடகர் நால்வர் இரண்டிரண்டு பேராக எதிரெதிர் நிற்பர். ஒருவர் நான்கடியில் ஒரு கண்ணி பாடுவார். கிட்டார் இடையிசை முடிவதற்குள் எதிராளி விடை சமைத்தாக வேண்டும். முன்கூட்டி எழுதியது எதுவும் இல்லை. சொல்லுக்குச் சொல் வாதம். நேரடி வசவு கூடாது. குத்தல் மறைபொருளாகவே வரவேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இவ்வாறு நடந்து, இறுதிக் கண்ணிகளோடு மரியாதையாய் முடியும். பாடகர்கள் தம் பட்டப்பெயர்களாலேயே அறியப்படுவர். ஜூன் 29 ஆம் நாள் புஸ்கெட் தோப்பில் நடக்கும் இம்னார்யா விழாவில் இப்பாட்டைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடும்.

நெடுங்காலம் படித்தவர்கள் இதனைத் தீண்டவில்லை. மதுக்கடைகளிற் பாடப்படுவது என்பது அவர்கள் சொன்ன காரணம். அக்காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நமக்கும் அவ்விடங்கள் உவப்பானவை அல்ல. ஆனால் இடம் இழிந்தது என்பதால் கலையும் இழிந்தது என்று தள்ளியதில், உழைப்பாளி மக்களின் மொழிமீது மேட்டுக்குடிக்கு இருந்த அதே பழைய வெறுப்புத்தான் தெரிகிறது. 2021 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் ஆனாவை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்த பின்னரே சிலருக்குக் கண் திறந்தது.

ஆனா முழுக்க அரபு இசையே என்று வாதிடுவோரும் உளர். அதனையும் நாம் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். கிட்டாரும் அதன் சுரக்கட்டு அமைப்பும் தென் ஐரோப்பாவின் கொடை. பெயர் அரபு, இறங்கி இறங்கி வரும் குரல் இழைவில் வட ஆப்பிரிக்கச் சாயல் செவிக்குத் தென்படுகிறது, அதற்குமேல் துணிந்து சொல்லச் சான்று போதாது. அது மால்டாவினுடையது என்றால் போதும். அப்பண்ணின் ஓர் இழையேனும் டப்ளினிலோ எடின்பரோவிலோ ஒலித்திருந்தால், வென்றிருக்கும் என்று நாம் கூறவில்லை. குறைந்தது, தோற்றது எது என்பதாவது தெளிவாக இருந்திருக்கும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் மறைக்காமல் வைக்க வேண்டும். மொழிவிதி 1973 இல் தளர்த்தப்பட்டது. 1975 இல் ரெனாட்டோ மிக்கல்லெஃப் ஆங்கிலத்தில் பாடிப் பன்னிரண்டாம் இடம் பெற்றார். அதன்பின் மால்டா ஒதுங்கியிருந்து 1991 இல்தான் திரும்பி வந்தது, ஆங்கிலத்திலேயே வந்தது. 1992 இல் மேரி ஸ்பித்தேரி மூன்றாம் இடம். 1998 இல் கியாரா மூன்றாம் இடம். 2002 இல் அய்ரா லொஸ்கோவும், 2005 இல் மீண்டும் கியாராவும் இரண்டாம் இடம். மால்ட்டியத்தில் இரு முறை கடைசி; ஆங்கிலத்தில் இரு முறை இரண்டாமிடம். கணக்கு இவ்வாறிருக்க இன்னும் என்ன வாதம் என்று கேட்கலாம்.

கணக்கைக் கொஞ்சம் கிளறினால் வேறு செய்தியும் கிடைக்கும். 1977 முதல் 1998 வரை மொழிவிதி மீண்டும் நடைமுறையில் இருந்தது. அக்காலத்தில் ஆங்கிலத்தைத் தம் மொழியெனக் காட்டிப் பாடும் உரிமை பிரிட்டன், அயர்லாந்து, மால்டா ஆகிய மூன்று நாடுகளுக்கே வாய்த்திருந்தது. 1992 இன் முதல் மூன்று இடங்களைப் பெற்றவை எவை? அயர்லாந்து, பிரிட்டன், மால்டா. எல்லோருக்கும் ஓரளவு புரிந்த மொழி அவர்களிடம் மட்டும் இருந்தது. இது ஆங்கிலத்தின் ஆதாயத்தைக் காட்டுகிறதேயன்றி மால்ட்டியத்தின் ஊனத்தைக் காட்டவில்லை.

தொண்டை ஒலிகள் மெல்லிசைக்கு ஆகா என்னும் கூற்றுக்கும் விடை அதே போட்டியின் ஏட்டில் இருக்கிறது. 1978, 1979 ஆகிய ஈராண்டும் முதலிடம் பெற்றவை ஹீப்ரு மொழிப் பாட்டுகள். ஹீப்ரு அரபின் உடன்பிறந்த மொழி. இஸ்ரேல் அரசின் செயல்களைக் குறித்து நம் கருத்து யாவரும் அறிந்ததே. அதற்காக ஓர் உண்மையை விழுங்கிவிடுதல் திறனாய்வுக்கு அடுக்காது. ஸாமிய மொழியொன்று அம்மேடையில் இரு முறை தொடர்ந்து வெல்ல முடிந்தது என்பது உண்மை. மறுபுறம், 1980 இல் மொராக்கோவின் சார்பில் ஸமீரா பின் ஸயீத் அரபியில் பாடியபோது பத்தொன்பது நாடுகளில் பதினெட்டாம் இடமே கிடைத்தது, புள்ளி ஏழு. அரபு நாடு ஒன்று அப்போட்டியில் பாடியது அந்த ஒரு முறைதான். ஆக, மொழியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே இவற்றிலிருந்து பெறப்படும்.

இதனை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு நம்மிடையேயும் காரணம் உண்டு. நம் இஸ்லாமியத் தமிழ்ப் பாட்டுகளை எடுத்துக் கொள்ளுங்கள். திரைப்படத்தில் ஒரு மெட்டு புகழ் பெற்றால், சில திங்களுக்குள் அதே மெட்டில் நபி பெருமானாரின் புகழ் பாடும் இசைத்தட்டோ ஒலிநாடாவோ வெளிவந்த காலம் ஒன்றிருந்தது. இன்றும் அவ்வழக்கம் அற்றுப்போகவில்லை. சொல் நம்முடையது, மெட்டு எவருடையதோ. கேட்பவர் உள்ளம் சொல்லில் நில்லாமல் மூலப்பாட்டின் காட்சிக்குத் தாவி விடுகிறது. பிறகு 'மார்க்கப் பாட்டுக்கு இளைஞரிடம் மதிப்பில்லை' என்று குறைப்படுகிறோம். குணங்குடி மஸ்தான் சாகிபு தம் ஞானத்தைக் கண்ணிகளாகப் பாடியபோது தமிழ் மண்ணின் ஓசையையே கொண்டார். சொல்லும் ஓசையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாய் அங்கே விளையாடுகின்றன. பக்கீர்கள் தாயிராவைத் தட்டிப் பாடிவந்த நடைகள் நம்மிடம் உள்ளன. அவற்றை எழுதி வைப்போரும் இல்லை, எடுத்தாள்வோரும் அரியர். மால்டாவின் ஆனாவுக்கு நேர்ந்த புறக்கணிப்பு நமக்குப் புதிதன்று.

ஜோ கிரெக்கின்பால் நமக்குள்ள மதிப்பு இக்குறைகளால் சுருங்கவில்லை. மெட்டில் அவர் தம் காலத்தின் வழக்கத்தோடு போனார். மொழியில் வழக்கத்துக்கு எதிராக நின்றார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு இரண்டாவது துணிவும் இல்லாது போயிற்று. 1972 க்குப் பிறகு 2025 வரையில் முழுவதும் மால்ட்டியத்தில் அமைந்த ஒரு பாட்டேனும் அம்மேடையில் ஒலிக்கவில்லை. 2000 ஆம் ஆண்டுப் பாட்டில் சில மால்ட்டிய வரிகள் ஒலித்தன, அவ்வளவே. 2025 இல் மிரியானா கொன்டே என்னும் பாடகி தம் ஆங்கிலப் பாட்டின் பல்லவியில் 'கான்ட்' என்னும் ஒரே ஒரு மால்ட்டியச் சொல்லை வைத்தார். பாடுதல் என்பது அதன் பொருள். அவ்வோசை ஆங்கிலச் செவிக்கு ஓர் இழிசொல்லாகப் பட்டது. பாட்டை அமைத்தவர்கள் அந்த இரட்டுறலை அறிந்தே பயன்படுத்தினார்கள் என்பதும் வெளிப்படை. அவ்விளையாட்டை நாம் பாராட்டுவதற்கில்லை. போட்டி நடத்துவோர் அச்சொல்லை நீக்குமாறு பணித்தனர், நீக்கிவிட்டே பாடினார்கள். இதில் வேடிக்கை ஒன்றுண்டு. 'கான்ட்' அரபுச் சொல்லும் அன்று, இத்தாலியத்திலிருந்து வந்தது. ஐம்பத்து மூன்று ஆண்டு கழித்துத் தம் மொழியில் 'பாட்டு' என்று சொல்ல விரும்பியவர்களுக்கு 'ஆனா' என்னும் சொல் நினைவில் எழவே இல்லை.

இன்று மால்ட்டியம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. 2004 முதல் அந்நிலை. அவற்றுள் ஸாமிய மொழி அது ஒன்றே. பாவ்லா என்னும் ஊரில் 1978 இல் அடிக்கல் நாட்டப் பெற்ற பள்ளிவாசல் இருக்கிறது. அதன் பெயர் 'மர்யம் அல்பத்தூல்', அதாவது கன்னி மர்யம். பேராசிரியர் மார்ட்டின் ஸம்மித் திருக்குர்ஆனை மால்ட்டியத்தில் ஆக்கி 2008 இல் வெளியிட்டார். 'அல்லா' என்னும் சொல்லை அவர் எங்கிருந்தும் இரவல் வாங்க வேண்டியிருக்கவில்லை.

கிரெக்கின் பாட்டும் 'லிம்ஹப்பா'வும் இன்று ஒலிப்பதிவாக எளிதிற் கிடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து பத்து நிமிடங்களைத் தாண்டா. வீட்டில் மத்ரஸாவிற் பயிலும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு கேளுங்கள். முதல் முறை மெட்டு மட்டுமே செவியில் விழும், சலிப்பாகவும் இருக்கலாம். இரண்டாம் முறை ஒவ்வொன்றாகச் சொற்கள் தலைகாட்டும். எத்தனை சொல் பிடிபட்டது என்று பிள்ளைகள் எண்ணிச் சொல்லட்டும்.